சங்கக்கடைச் சறோஜினிதேவியின் நிலையான வைப்பு

நயினாதீவில் காசு வைத்திருந்தவர்கள் பலர் இருந்தார்கள். காசை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவள் சங்கக்கடைச் சறோஜினிதேவி ஒருத்திதான் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசை என்ன செய்வதென்று தெரியாதவர்கள், சீனி வாங்க வந்த சாட்டில் அவளிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் தராசு முள்ளில் கண்ணை வைத்தபடியே பதில் சொல்வாள்.

"முழுசையும் ஒரு இடத்தில போடாதேங்கோ. கூட வட்டி தாறம் எண்டு ஆர் வந்தாலும், மத்திய வங்கியின்ர லைசன்ஸ் இருக்கோ எண்டு முதல் கேளுங்கோ. இல்லையெண்டால் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிவிடுங்கோ."

இந்தப் பயம் அவளுக்கு வீட்டிலிருந்து வந்தது. தகப்பன் இராசநாயகம் குருநாகலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். உழைத்ததையெல்லாம் கடைக்குள்ளேயே போட்டு வளர்த்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. கொழும்பு முகாமிலிருந்து கப்பலேறி, உடுத்த சாரத்தோடு காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர், அதன் பிறகு ஒரு சதம் உழைக்கவில்லை. படலையடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, அன்றைக்குக் கடையில் எத்தனை மூட்டை அரிசி இருந்தது, எத்தனை ரின் தேங்காயெண்ணெய் இருந்தது என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போது சறோஜினிதேவிக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருடம் கழித்து அவள் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் அறுநூற்றைம்பது ரூபாய். அதில் இருநூறை வங்கியில் போட்டுப் புத்தகம் எடுத்தாள்.

தகப்பன் கண்ணை மூடியபின், தொண்ணூறில் சண்டை தீவுகளுக்கு வந்தபோது அவளும் தாயும் வள்ளத்தில் ஏறி யாழ்ப்பாணம் போனார்கள். புறப்படும்போது தாய் தன் நகைகளைப் பால்மாப் பேணிக்குள் போட்டுப் பனையடியில் புதைத்தாள். மகள் வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். சில வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது பனை நின்றது, பேணி இல்லை. தாயும் மகளும் இரண்டு கிழமை அந்த வளவைக் கிண்டினார்கள். வங்கியோ அவளுடைய காசை அத்தனை வருட வட்டியோடும் புத்தகத்தில் பதிந்து கொடுத்தது. எரியாதது, ஒருவரும் தோண்டி எடுக்க முடியாதது, ஷெல் விழுந்தாலும் போகாதது உலகத்தில் அது ஒன்றுதான் என்று அவள் அன்றைக்கு முடிவு செய்தாள்.

கலியாணம் இரண்டு தரம் பேசி வந்தது. முதல் சம்பந்தம் சீதனத்தில் நின்றுபோனது. சீதனத்துக்கென்று அவளே சேர்த்து முடித்து, இரண்டாவது பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணன் பாலசிங்கம் மாரடைப்பில் போய்விட்டான். அண்ணனுடைய மகன் வசீகரனுக்கு அப்போது ஏழு வயது. சீதனக் காசு மெல்ல மெல்ல அவனுடைய சப்பாத்தாகவும் ரியூசன் காசாகவும் கணக்கியல் படிப்பாகவும் போனது. அதைப்பற்றி அவள் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. "மாமி, மாமி" என்று அவன் சுற்றித் திரிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஐம்பத்தைந்து வயதில், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், சங்கக்கடையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதியும் பணிக்கொடையும் அவள் சேர்த்ததும் எல்லாமாக இருபத்தொரு இலட்சம். அதை மூன்றாகப் பிரித்தாள். பத்து இலட்சம் ஒரு வருட வைப்பில், எட்டு இலட்சம் ஆறு மாத வைப்பில், மிச்சம் மூன்று இலட்சம் வருத்தம் துன்பத்துக்கென்று சேமிப்பில். மாத வட்டி பதினேழாயிரம் அளவில் வந்தது. பதின்மூன்றில் சீவித்து, நாலாயிரத்தைத் திரும்பவும் போட்டாள். புருசனும் பிள்ளையும் இல்லாத ஒரு பெண் தன் கடைசிக் காலத்தை ஒருவர் கையையும் பாராமல் கழிக்க வழி செய்துவிட்டாள் என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை இரண்டு வருடம் நீடித்தது.

கொரோனாவுக்குப் பிறகு வட்டி பாதிக்கு விழுந்தது. கையில் ஒன்பதாயிரம் சொச்சம்தான் வந்தது. அதே நேரம் சாமான்களின் விலை ஏறத் தொடங்கியது. முப்பத்து மூன்று வருடம் பருப்பு நிறுத்தவளுக்குப் பருப்பின் விலையை ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பால்மாவை விட்டாள். மீனைக் கிழமைக்கு ஒன்றாகக் குறைத்தாள். அப்படியும், மாதம் நாலாயிரமாகத் திரும்பப் போட்டதை எடுத்துத் தின்ன வேண்டி வந்தது. அவள் தாய் தொண்ணூற்றொரு வயது வரை இருந்து செத்தவள். சறோஜினிதேவிக்கு அப்போது ஐம்பத்தேழு. இன்னும் முப்பத்து நாலு வருடம். காசு எழுபது வயதோடு முடிந்துவிடும் போலிருந்தது. நெடுநாள் இருந்துவிடுவேனோ என்று ஒரு மனுசி பயப்படலாம் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

அந்தத் தைமாதம்தான் வசீகரன் வந்தான். கொரோனாவில் பழைய வேலை போய், யாழ்ப்பாணத்தில் ஒரு முதலீட்டுக் கம்பனியில் சேர்ந்து ஐந்து மாதமாகியிருந்தது. தீவுப்பகுதிக் கரைகளில் கடலட்டைப் பண்ணை வைக்கும் கம்பனி. ஆட்களிடம் காசு வாங்கிப் பண்ணையில் போட்டு, மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் இலாபம் கொடுப்பதாகச் சொன்னார்கள். வசீகரன் மேசையில் கடதாசிகளைப் பரப்பினான்.

"மாமி, உங்கட காசு வங்கியில பத்திரமா இருக்கு எண்டு நினைக்கிறியள். அது அங்க கிடந்து கரையுது. போன வருசம் ஒரு இலட்சத்துக்கு வாங்கின சாமானை இப்ப ஒரு இலட்சத்துக்கு வாங்க ஏலுமோ?"

"ஏலாதுதான். அதுக்காக? லைசன்ஸ் இருக்கோ உங்கட கம்பனிக்கு?"

"பதிவு இருக்கு மாமி. இந்தா பாருங்கோ."

அவன் நீட்டிய தாளில் அரச இலச்சினை இருந்தது. கம்பனிப் பதிவு இலக்கம் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தாள். ஒரு பெட்டிக்கடை திறப்பதற்கும் அப்படியொரு பதிவு எடுக்கலாம், ஆட்களிடம் வைப்பு வாங்குவதற்கு மத்திய வங்கி கொடுக்கும் அனுமதி வேறு என்பது அவளுக்குத் தெரியாத விசயமல்ல. ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் கேள்வி ஒன்றுக்குப் பதில் வேறொன்றாக வந்ததை அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை. பதில் சொன்னவன் அவள் வளர்த்த பிள்ளை.

அடுத்த கிழமை அவன் அவளைப் பண்ணை காட்டக் கூட்டிக்கொண்டு போனான். முழங்கால் ஆழக் கடலில் தடிகள் நட்டு வலை கட்டியிருந்தது. ஓலைக் கொட்டிலில் ஒரு காவல்காரன். அவன் இறங்கிப்போய் ஒரு அட்டையை எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கறுத்து, தடித்து, ஈரமாக அது சுருங்கிக்கொண்டது.

"இதை ஆர் தின்னுறது?" என்று கேட்டாள்.

"நாங்கள் தின்னுறேல்லை மாமி. சீனாக்காரன் தின்னுவான். டொலரில காசு வரும். ரூபா விழ விழ எங்களுக்கு லாபம்."

கண்ணால் கண்ட பொருள். கடலில் கிடப்பதால் எரியாது. காவல் இருக்கிறது. டொலரில் வருகிறது. அவள் எட்டு இலட்ச வைப்பு முடிந்தபோது அதில் இரண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். மாதம் பிறந்து ஐந்தாம் நாள் நாலாயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. அடுத்த மாதமும் அதே நாள் விழுந்தது.

பங்குனியில் ரூபாய் விழுந்தது. மண்ணெண்ணெய் இல்லை, டீசல் இல்லை, அக்கரையில் குறிகட்டுவான் துறைக்கு ஓடும் படகுகள் பாதி நின்றன. கடையில் அரிசி விலைப் பலகையை இரண்டு நாளைக்கு ஒருக்கால் அழித்து எழுதினார்கள். சறோஜினிதேவி வீட்டுக்குள் இருந்தபடியே தன் வாழ்நாள் உழைப்பு தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வந்து எரிக்கவில்லை, ஒருவரும் தோண்டவில்லை. வங்கிப் புத்தகத்தில் இலக்கம் அப்படியேதான் இருந்தது. அந்த இலக்கத்துக்கு வாங்கக்கூடியது மட்டும் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு போனது. அதைத் தடுக்க அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புத்தான் அவளைக் கொண்டுபோனது. சித்திரை நடுவுக்குள் மிச்ச ஆறு இலட்சமும், முதிர்ந்த பத்து இலட்சமும் அட்டைப் பண்ணைக்குப் போய்விட்டன. மொத்தம் பதினெட்டு இலட்சம். ஒப்பந்தம் இரண்டு வருடம். வருத்தம் துன்பத்துக்கான மூன்றை மட்டும் அவள் தொடவில்லை.

படகோட்டி தம்பு அந்த நாள்களில் ஒருதரம் கேட்டான். டீசலுக்கு வரிசையில் நின்று களைத்து, படகின் அணியத்தில் குந்தியிருந்தான். பழைய இயந்திரத்தை மாற்றவென்று நாலு வருடமாகச் சேர்த்த இரண்டரை இலட்சம் அவனிடம் இருந்தது.

"அக்கா, வசீகரன்ர கம்பனியில நீங்கள் போட்டனீங்களோ?"

"ஓம்."

"நல்ல பெரிய தொகையோ?"

"ஓம் தம்பு."

போடும் என்றும் அவள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்புவுக்கு அது போதும். அடுத்த கிழமை அவனும் போட்டான்.

மாதம் முப்பத்தாறாயிரம் வரத் தொடங்கியது. அவள் மீன் வாங்கினாள். ஒழுகிய கூரைக்குப் புதுச் சீட் போட்டாள். மின்வெட்டு நாள்களுக்கென்று வசீகரன் சார்ஜ் பண்ணும் விளக்கொன்று வாங்கி வந்து கொடுத்தான். ஆனியில் ஒருநாள் சேமிப்புப் புத்தகம் பதிய வங்கிக்குப் போனபோது, அங்கே வேலை செய்யும் பிரியவதனி சொன்னாள்.

"இப்ப நாங்கள் இருவது வீதம் தாறம், அக்கா. உங்கட பத்து இலட்சத்தை எடுக்காமல் ரெண்டு மாசம் பொறுத்திருந்தால் இந்த வட்டிக்குப் போட்டிருக்கலாம்."

கம்பனி கொடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வசீகரனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, காசைத் திருப்பி எடுக்க ஏலாதோ?"

"ஒப்பந்தம் முடிய முந்தி எடுத்தால் நூற்றுக்கு முப்பது வெட்டுவினம், மாமி. ஏன், ஒழுங்கா வருகுதுதானே?"

ஒழுங்காகத்தான் வந்தது. மார்கழி வரை ஒரு நாள் பிந்தவில்லை.

தையில் வரவில்லை. வசீகரன் கணினி பழுது என்றான். பிறகு, ஏற்றுமதிக் காசு வரவேண்டியிருக்கிறது என்றான். மாசியில் அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவளே புறப்பட்டு, படகும் பஸ்ஸும் பிடித்து, யாழ்ப்பாண ரவுணில் கம்பனியின் கந்தோருக்குப் போனாள். கண்ணாடிக் கதவில் சங்கிலி போட்டிருந்தது. வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஒரு மனுசி தரையில் குந்தியிருந்து கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கதிரைகளும் மேசைகளும் ஒழுங்காக இருந்தன. சுவரில் கடலட்டைப் படம் தொங்கியது. முதலாளி பத்து நாளைக்கு முன்னரே நாட்டை விட்டுப் போய்விட்டான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஆட்களுக்குக் காட்டிய பண்ணையும் கம்பனியுடையதல்ல, வேறொருவனுடையது, காட்டுவதற்கு மட்டும் வாடகை கொடுத்தார்கள் என்றார் இன்னொருவர். சறோஜினிதேவிக்குக் கடைசிப் படகுக்கு நேரமாகிறது என்ற நினைப்பு மட்டும் வந்தது. திரும்பி நடந்தாள்.

வசீகரன் ஒளித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தீவுக்கு வந்து குசினி வாசலில் நின்றான். சவரம் செய்யாத முகம். மனைவி நிலாந்தியின் தாலிக்கொடியையும் வங்கியில் அடைவு வைத்து அந்தக் காசையும் அதிலேயே போட்டிருந்தான்.

"எனக்கு உண்மையாத் தெரியாது மாமி. அம்மாளாணை."

"எனக்குத் தெரியும் அது."

"ஆனா ஒண்டு சொல்லவேணும்." அவன் நிலத்தைப் பார்த்தான். "ஆக்களைச் சேர்த்தால் எங்களுக்கு இலட்சத்துக்கு ரெண்டாயிரம் தருவினம். உங்கட காசுக்கும் எடுத்தனான்."

பதினெட்டு இலட்சத்துக்கு முப்பத்தாறாயிரம் என்று மனம் தானாகப் பெருக்கிக்கொண்டது. ஒரு மாத வட்டி. அவன் மேல் கோபப்பட அவள் முயன்றாள், வரவில்லை. ஏமாற்றியவன் என்றால் ஏசலாம், தூற்றலாம். இவன் தன்னுடையதையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து நிற்கிறான்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டாள். அவன் அழத் தொடங்கினான்.

பொலிஸில் முறைப்பாடு எடுக்கிறார்கள் என்று பங்குனியில் செய்தி வந்தது. கம்பனியின் சொத்தை முடக்கி, வழக்கு முடிந்த பிறகு முறைப்பாடு செய்தவர்களுக்குப் பங்கிடுவார்களாம். அடுத்த புதன்கிழமைக்குள் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தீவில் பதினொரு பேர் காசு போட்டிருந்தார்கள். தம்பு வந்தான்.

"அக்கா, நீங்களும் வாங்கோ. எங்களுக்குள்ள பெரிய தொகை உங்கடதான். நீங்கள் வராட்டி, மனுசி தன்ர மருமோனை மூடி மறைக்கிறா எண்டு கதை வரும். எங்கட முறைப்பாடும் நிக்காது."

அவன் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. அவளுடைய ஒரு "ஓம்" கேட்டுக் காசைப் போட்டவன்.

அடுத்த நாள் நிலாந்தி வந்தாள், இரண்டு வயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவளிடம் சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லை.

"மாமி, உங்கட படிவத்தில அறிமுகம் செய்தவர் எண்டு அவரின்ர கையெழுத்து இருக்கு. நீங்கள் முறைப்பாடு குடுத்தால் அவரைப் பிடிப்பினம்."

"நான் குடுக்காட்டியும் மற்றவை குடுப்பினம்தானே பிள்ளை."

"மற்றவை குடுக்கிறது வேற. நீங்கள் குடுக்கிறது வேற." குழந்தை சிணுங்கியது. அவள் அதை மற்றப் பக்கத்துக்கு மாற்றினாள். "உங்களுக்கு ஒரு வாய் மாமி. கஞ்சி குடிச்சாவது கிடப்பியள். எங்களைப் பாருங்கோ."

ஒரு வாய் என்பது சரிதான். அந்த ஒரு வாய்க்கென்று சறோஜினிதேவி இருபத்திரண்டு வயதிலிருந்து எதையெதை விட்டாள் என்பது இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

புதன்கிழமை காலையில், போவதா விடுவதா என்று தெரியாமலே சேலையை உடுத்தாள். துறைக்கு நடந்தபோதும் தெரியவில்லை. தம்பு கை கொடுத்துப் படகில் ஏற்றினான். பத்துப் பேரும் அவளுக்கு இடம் விட்டு இருந்தார்கள். இனி இறங்க முடியாது.

பொலிஸ் நிலையத்தில் மதியத்துக்குப் பிறகுதான் அவளுடைய முறை வந்தது. வயது குறைந்த ஒரு உத்தியோகத்தர். தமிழ் தடுமாறியது, ஆனால் மரியாதையாகப் பேசினார். எவ்வளவு, எப்போது, எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினார்.

"உங்களை யார் கூட்டிப் போனது?"

"நானாத்தான் போனனான்."

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். வசீகரனின் கையெழுத்து. எழுத்து உறுப்பாக, அழகாக இருந்தது. அவளே பிடித்து எழுதப் பழக்கிய கை.

"ஓம், அது என்ர அண்ணையின்ர மோன். அவனும் ஏமாந்தவன் ஐயா. மனுசியின்ர கொடியையும் போட்டவன். அவன் சொல்லி நான் போகேல்லை. எனக்குப் பயமா இருந்தது, அதால நானாத்தான் போனனான். அதையும் எழுதுங்கோ."

உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டு எழுதினார். தாளை அவள் பக்கம் தள்ளினார். முழுவதும் சிங்களத்தில் இருந்தது. தன்னுடைய பெயர் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை. வசீகரனைப் பற்றிச் சொன்னது அதில் இருக்கிறதா, இருந்தால் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தாள். பின்னால் அறுபது பேர் நின்றார்கள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

இரண்டு கிழமையில் வசீகரனையும் வேறு நாலு முகவர்களையும் பிடித்து விளக்கமறியலில் போட்டார்கள். நிலாந்தி தொலைபேசி எடுத்தாள். "வைச்சிட்டியள் என்ன, கையெழுத்து?" என்று மட்டும் கேட்டாள். சறோஜினிதேவி, தான் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. அவள் கொடுக்காவிட்டாலும் நூற்றுக்கு மேற்பட்ட முறைப்பாடுகளில் அவன் பெயர் இருந்தது என்று பிறகு அறிந்தாள். அது ஆறுதலா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கொடுத்ததாலும் ஒன்றும் மாறவில்லை, கொடாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிராது.

மறியலுக்கு ஒருதரம் பார்க்கப் போனாள். நிலாந்தி முதலே வந்து பார்த்துவிட்டுப் போனதால் அன்றைக்கு வேறொருவரை விடமாட்டோம் என்றார்கள். கொண்டுபோன சோற்றுப் பொதியை வாசலில் இன்னொரு கைதியின் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று மாதத்தில் அவனுக்குப் பிணை கிடைத்தது. ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதப் போகிறான் என்று கேள்விப்பட்டாள். தீவுக்கு அவன் வரவில்லை. வழக்குத் தவணைக்குத் தவணை போய்க்கொண்டிருந்தது. முடக்கிய சொத்து என்று இருந்தது ஒரு பழைய வானும், கொஞ்சக் கதிரை மேசையும், இரண்டு கட்டு வலையும். பங்கு வந்தாலும் இலட்சத்துக்கு ஆயிரம் வருமோ தெரியாது என்று சட்டத்தரணி சொன்னாராம்.

அரச உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தாள். பார்க்க வந்தவர்கள் கூரைச் சீட் புதிது என்று குறித்துக்கொண்டு போனார்கள். பட்டியலில் பெயர் வரவில்லை. கடைசியில் சங்கக்கடை மனேச்சர் கூப்பிட்டு, நாட்கூலிக்கு வரச் சொன்னார். ஐம்பத்தொன்பது வயதில் திரும்பவும் பழைய மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். பின்னேரமானால் முழங்கால் வீங்கிவிடும். ஒரு பெண் வந்து, கனடாவிலிருந்து மகன் அனுப்பிய ஐந்து இலட்சத்தை எதில் போடலாம் அக்கா என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது போல, முகம் சுருங்கி, "சரி, பிறகு பாப்பம்" என்று பையைத் தூக்கினாள். வங்கியில் போடு, மூன்றாகப் பிரித்துப் போடு என்று சறோஜினிதேவிக்கு இப்போதும் தெரியும். தராசைத் துடைத்து வைத்தாள்.

தம்புதான் அவளைப் பெரிதும் வருத்தினான். இயந்திரம் ஒரேயடியாகப் பழுதாகி, அவன் தன் படகை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, வேறொருவன் படகில் கூலிக்கு ஓடினான். அவளைக் காணும் நேரமெல்லாம் "இருங்கோ அக்கா, இந்தப் பக்கம் வெயில் படாது" என்று இடம் காட்டுவான். அவன் ஒருநாள் ஏசியிருந்தால் அவளுக்கு நல்லாயிருந்திருக்கும்.

ஆவணியில் அவள் மூன்று இலட்சத்தில் ஒன்றை எடுத்தாள். துறையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து அவன் கையில் வைத்தாள்.

"என்ன அக்கா இது?"

"உம்மட இயந்திரத்துக்கு. முழுசும் தர என்னால ஏலாது."

"நீங்கள் ஏன் தரவேணும்? நீங்களோ எடுத்தனீங்கள்?"

"பிடியும் தம்பு."

அவன் கடலைப் பார்த்தான். வாங்கமாட்டேன் என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சொல்வான், அதற்குத் தான் என்ன பதில் சொல்லலாம் என்றும் யோசித்து வைத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. காசைச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். அவனுக்கு அவ்வளவு தேவை இருந்தது. மறுநாள் அவனுடைய மனைவி ஒரு கோர்வை மீன் கொடுத்துவிட்டாள். அதைச் சுத்தம் பண்ணும்போது, செய்தது சரியா, முட்டாள்தனமா என்று சறோஜினிதேவி தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அவளிடம் இப்போது இருப்பது இரண்டு இலட்சம். முன்னால் இருப்பது எத்தனை வருடமென்று யாருக்குத் தெரியும்.

அந்த இரண்டு இலட்சத்தையும் நிலையான வைப்பில் போடலாமென்று, ஒரு வெள்ளிக்கிழமை லீவு கேட்டு வங்கிக்குப் போனாள். வட்டி மறுபடி விழத் தொடங்கியிருந்தது. பிரியவதனி படிவத்தை எடுத்து வைத்தாள்.

"எவ்வளவு காலத்துக்கு அக்கா? மூண்டு மாசமோ, ஆறோ, வருசமோ?"

"எது நல்லது?"

பிரியவதனி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியைச் சறோஜினிதேவி ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

"வட்டி இன்னும் குறையும் எண்டுதான் சொல்லினம். வருசத்துக்குப் போட்டால் இப்பத்தை வட்டி கிடைக்கும். ஆனா இடையில ஒரு தேவை வந்தால்..."

"வருசத்துக்கே போடும்."

பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் நிரப்பி, கடைசிப் பகுதிக்கு வந்தார்கள்.

"உங்களுக்கு ஏதும் நடந்தால் காசு ஆருக்குப் போகவேணும் எண்டு ஒரு பேர் போடலாம் அக்கா. விருப்பமில்லையெண்டால் வெறுமையா விடலாம்."

பக்கத்து மேசையில் ஒருவர் காசு எண்ணும் இயந்திரத்தில் கட்டு வைத்துக்கொண்டிருந்தார். சறோஜினிதேவி ஆறு மாதமாக வசீகரனின் குரலைக் கேட்கவில்லை. போன கிழமையும் எடுத்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

"பாலசிங்கம் வசீகரன்," என்றாள்.

"உறவுமுறை?"

"மருமோன்."

பிரியவதனி எழுதினாள். அவனுடைய அடையாள அட்டை இலக்கம் கேட்டபோது சறோஜினிதேவிக்கு அது பாடமாக இருந்தது. ஒன்பது இலக்கங்களையும் கடைசி எழுத்தையும் சொல்லிக் கையெழுத்து வைத்தாள். வைப்புச் சான்றிதழை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குறிகட்டுவான் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.